பாலாயில் படித்த பிள்ளை

2024 ஜூன் 11, செவ்வாய்

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலையில் லேப் இல்லாமல் இல்லை. ஆனால் நாங்கள் நெய்யாற்றின்கரைக்குத்தான் போவோம். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது அம்மாவின் கணக்கு.

திரும்பி வரும்போது அடுத்த வீட்டு விலாசினி மாமி மதிலருகே நின்று பிடித்துக்கொண்டாள். நீட் ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

"என்னாச்சு மக்கா? ஒரு வருஷம் பாலாயில போய்க் கிடந்து படிச்சும் கிட்டல்லியா?"

"இல்ல மாமி."

"படிச்சா மட்டும் பத்தாது பிள்ளே. தலையில நிக்கணும்."

என் தலையில் போன வருஷம் முடியே நிற்கவில்லை, படிப்பு எங்கே நிற்கும்? சொல்லவில்லை. ஊசி குத்திய இடத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிறு மாத்திரை. சின்ன மஞ்சள் மாத்திரைகள், பார்க்க ஒன்றும் தெரியாத பாவங்கள்.

ஜூன் 17

திங்கள் ஓக்காளம். படிக்கவில்லை.

ஜூலை 7

எப்போதாவது ஒருநாள் இதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

போன வருஷம் பிளஸ் டூ பரீட்சையைக் காய்ச்சலோடு எழுதினேன். மார்க் போயிற்று. பயத்தில் வரும் காய்ச்சல் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்த வருஷ நீட் நடந்த அன்று வார்டில் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, அம்மா என்னோடு தங்கினாள். ஊரில் கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை பாலாவில் என்ட்ரன்ஸ் கோச்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை, அதனால் நான் கூடவே இருக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோட்டயம் பக்கம் இருக்கிற அந்தப் பாலா எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

முடி? "பாலாயில குளிக்கிற வெள்ளம் பிடிக்கல்ல." மெலிவு? "ராப்பகலா படிப்பு." எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. பாலாவை மாதிரி நல்ல ஊர் உண்டா!

"தீனம் மாறும் மக்கா, பேரு மாறாது. நாளைக்கு உன்னை ஒருத்தன் கெட்ட வேண்டாமா?" என்றாள் அம்மா. இன்றுவரை அவள் வாயால் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. 'அது' என்பாள். 'அது வந்த பெறவு', 'அதுக்கு உள்ள மாத்திரை'.

அப்பாவுக்குப் பொய் வராது. உதியன்குளங்கரையில் பெயின்ட் கடை. கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால், "படிக்கா" என்று மட்டும் சொல்வார். அது உண்மைதான். வார்டிலும் படித்தேன். டிரிப் ஏறாத கையால் நோட்ஸ் எழுதினேன். இந்த வருஷ நீட்டுக்கு முன்னால்தான் வீட்டுக்கு விட்டார்கள், இனி ஞாயிறுதோறும் மாத்திரை, அவ்வப்போது ரத்த டெஸ்ட்.

ஆகஸ்ட் 22

விலாசினி மாமியின் மகள் லேகா பிளஸ் ஒன். "அக்கா, பாலா நோட்ஸ் தருவியளா?" என்று கேட்டு வந்தாள். கொடுத்தேன். தாவரவியல் நோட்டில் ஓரிடத்தில் கஞ்சி சிந்திய கறை இருந்தது. "ஹாஸ்டல் கஞ்சியா அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நல்ல பெண். மலையாளப் பள்ளிக்கூடம், அதனால் அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் 9

ஆன்லைனில் மாதிரிப் பரீட்சை. உயிரியல் பரவாயில்லை. பிசிக்ஸ் படுமோசம். பிளஸ் டூவிலும் அதுதான் காலை வாரியது.

ஏன் டாக்டராக வேண்டும்? எல்லாரும் எதிர்பார்க்கிற பதில் ஒன்று இருக்கிறது – நோயாளியாக இருந்தேன், அதனால் நோயாளிகளுக்குச் சேவை. எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. டாக்டர்கள் கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். என் ரத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் பாதி புரியும். மீதியும் புரிய வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 30

பிசிக்ஸ் ஏறுகிறது. நத்தை ஏறுகிற மாதிரி, ஆனாலும் ஏறுகிறது.

2025 ஜனவரி 19

ஐந்தாம் தேதி காய்ச்சல். ரத்த அணுக்கள் குறைந்துவிட்டன, மறுபடி வார்டு. நேற்றுத்தான் வீடு வந்தோம். பாலாவில் கிராஷ் கோர்ஸ் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"பின்னெயும் பாலாயா? இந்தப் பிள்ளைக்கு இது சரியாவாது ஸ்ரீகலா, ஏதாவது நர்சிங்குல சேர்த்து விடு" என்று மாமி மதிலுக்கு அந்தப் பக்கம் சொன்னது என் ஜன்னல்வரை கேட்டது. அம்மா அதைக் காதில் வாங்கியபடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. மாமிமேல் இல்லை. நான் சாகாமல் வந்திருக்கிறேன், இந்த ஊருக்கு நான் ஒரு மண்டு! என்னால முடியல்ல அம்மா, சொல்லித் தொலையேன் – என்று கத்த வாய்வரை வந்தது. அம்மாவின் கையைப் பார்த்தேன். வார்டில் என் துணிகளை டெட்டால் போட்டுத் துவைத்துத் துவைத்து வெந்துபோன கை. போய்ப் படுத்துவிட்டேன்.

மார்ச் 2

ஞாயிறு மாத்திரை. படித்தேன்.

மே 4, ஞாயிறு

நீட். மாத்திரையை நாளைக்குத் தள்ளி வைக்க டாக்டரே சொல்லியிருந்தார். பிசிக்ஸ் எல்லாரையும் அழ வைத்துவிட்டது. வெளியே பிள்ளைகள் அம்மாமார் தோளில் சாய்ந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. பஸ்ஸில் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டேன். எப்படி எழுதினாய் என்று அவள் கேட்கவேயில்லை.

ஜூன் 14, சனி

ரிசல்ட் வந்தது. சீட் கிடைக்கும்போலிருக்கிறது. மார்க் ஏறிவிட்டது. போன வருஷத்து மார்க்கோடு வைத்துப் பார்த்தால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. அப்பா கடையை மூடிவிட்டு வந்தார். அம்மா அடுக்களையில் நின்று அழுதாள்.

சந்தோஷம்தான். ஆனால் ஒரு வாரம் யாரும் என்னை எழுப்பாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

ஜூன் 17

மாமி பாயசத்தோடு வந்தாள். என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "நான் அப்பவே சொன்னேன், பாலாயில படிச்சா கிட்டும் எண்ணு!" எப்போது சொன்னாள்? போகட்டும்.

பிறகு அம்மாவிடம் கேட்டாள்: "அந்தக் கோச்சிங்குக்க பேரு என்னதாக்கும்? லேகாவை அங்கயே சேக்கணும்."

அம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "பேரு... பஸ் ஸ்டாண்டுக்க அடுத்தால அக்கா. ஒரு மாடிக் கெட்டிடம்."

எந்த ஊரில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடிக் கட்டடம் இல்லை?

ஜூன் 23, திங்கள்

மாமி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லேகாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை ரயிலில் கோட்டயம் இறங்கிப் பாலாவுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், செருப்போடு எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"கோச்சிங் எண்ணு போர்டு வச்ச இடத்துல ஒக்க கேறி இறங்கினேன். பிரசீதா எண்ணு இங்கோட்டுப் பிள்ள படிக்கவே இல்லியாம். நான் அவியகிட்ட சண்ட பிடிச்சேன் ஸ்ரீகலா. எனக்க அடுத்த வீடாக்கும், எனக்குத் தெரியாதா, நல்லாப் பாருங்க எண்ணு சண்ட பிடிச்சேன்."

"அது அக்கா... அவியொ எடம் மாத்திட்டாவளாயிருக்கும்..." அம்மா இன்னும் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

என்னால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து வந்தேன். "மாமி, நான் பாலா பாத்ததே இல்ல. எனக்கு பிளட் கேன்சர். திருவனந்தபுரத்துல வார்டுல கிடந்தேன்." துப்பட்டாவை இறக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே குழாய் வைத்திருந்த தழும்பைக் காட்டினேன்.

மாமி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பிள்ளகிட்ட வாயில வந்ததொக்க சொன்னேனே..." என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "ஒரு மதிலுக்கு அப்புறம்தானே கிடந்தேன். ஒரு பாத்திரம் கஞ்சி வச்சுக் கொண்டு வரமாட்டேனா? நான் உனக்கு யாருடி?"

"யாருகிட்டயும் சொல்லல்ல அக்கா. எனக்க அம்மைகிட்டயும் சொல்லல்ல."

அம்மா போட்ட சாயாவைக் குடிக்காமல் மாமி போய்விட்டாள்.

ஜூன் 29

மாமி வரவில்லை. இனி ஊர் முழுக்கத் தெரியும் என்று அம்மா வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாள். எனக்கு ஒருவகையில் நிம்மதி. தெரியட்டுமே.

ஜூலை 8

இன்று ராத்திரிச் சோற்றின்போது அப்பா சொன்னது. மாமி கடைக்கு பெயின்ட் வாங்க வந்திருந்தாளாம். அங்கே யாரோ, "சோமன் அண்ணாச்சிக்க மக பாலாயிலதானா படிச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாளாம்: "பின்னெ? நல்ல எடமாக்கும். நான் நேருல போய்ப் பாத்துட்டுல்லா வாறேன்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

"அவளையும் பொய் சொல்ல வச்சிட்டேனே" என்றாள்.

பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, பின்வாசல் வழியாக மாமி வீட்டுக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கையில் ஒரு கிண்ணம் சக்கை எரிசேரி, மாமி வைத்த பலாக்காய்க் கூட்டு, இருந்தது.

ஆகஸ்ட் 20

முதல் அலாட்மென்டில் மெடிக்கல் சீட் இல்லை. சலித்துவிட்டது. காரக்கோணத்தில் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாள். எந்தச் சாமிக்கு என்று சொல்லவில்லை. அங்குள்ள மெடிக்கல் காலேஜ் சர்ச்சுக்காரர்களுடையது, அதனால் இரண்டு பக்கமும் நேர்ந்திருப்பாள்.

செப்டம்பர் 11

மஞ்சேரி. அரசு மெடிக்கல் காலேஜ். கிடைத்துவிட்டது! ஆனால் கேரளத்தின் இந்தக் கோடியிலிருந்து கிட்டத்தட்ட அந்தக் கோடி. அங்கே ஓக்காளம் வந்தால் யார் தலையைப் பிடிப்பார்கள்?

செப்டம்பர் 13

உடல்தகுதிச் சான்றிதழ். சிகிச்சை தந்த டாக்டரின் கடிதத்தையும் கொண்டுபோனேன். மாத்திரை இன்னும் சில மாதம் உண்டு, படிக்கத் தடையில்லை என்று எழுதியிருந்தார். மறைக்கவில்லை, எல்லாம் சொன்னேன். அரசு டாக்டர் படித்தார், தழும்பைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அம்மா உள்ளே வரவில்லை. அந்தப் பெயரைக் காதால் கேட்கவும் அவளால் முடியாது. வராந்தாவில் நின்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மஞ்சேரி ஹாஸ்டல். ரயிலில் வந்த அலுப்பு, முதுகு விண்விண் என்கிறது. அப்பா பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே போனார்.

அறையில் இன்னொரு பெண். அவளுடைய அம்மா நல்ல மாதிரி, கலகலப்பு. எங்களைப் பார்த்ததும் மலையாளத்தில் கேட்டாள்: மோள் ரிப்பீட்டரா? எங்கே கோச்சிங்?

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பாலா என்றே வந்திருக்கலாம்.

அம்மா முந்திக்கொண்டாள். மெத்தை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே, தலை நிமிராமல், மலையாளம்கூட மறந்து சொன்னாள்.

"கோச்சிங் ஒண்ணும் இல்ல. இவளுக்குக் கேன்சராக்கும். ஆஸ்பத்திரியில கிடந்து படிச்சா. இப்பளும் மாத்திரை உண்டு. ஞாயிற்றுக்கெழம மாத்திரை, திங்கக்கெழம ஓக்காளம் வரும். உங்க பிள்ள இவளை ஒண்ணு பாத்துக்கிடணும்."

அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை அம்மா விடவில்லை.

பிறகு, கொசுவலை கட்ட இங்கே எங்கேயாவது கயிறு கிடைக்குமா என்று கேட்டாள்.