நான் நிறுத்திவிட்ட பேச்சு

அன்புள்ள அஞ்சலையக்காவுக்கு,

உங்களை அக்கா என்று கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதே, உங்கள் காரியத்தன்று வாசலில் கட்டியிருந்த பேனரைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை "அஞ்சலை, இங்க வா", "அஞ்சலை, இதைப் பண்ணு" என்றே உங்களிடம் பேசியிருக்கிறேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் "சொல்லுங்க டீச்சரம்மா" என்று எழுந்து நின்றீர்கள்.

இதை உங்கள் மகள் ராசாத்தியிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றி நான் ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தியாகதுருகம், ரிஷிவந்தியம், சங்கராபுரம் என்று தாய்மார்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்க ஓர் இடம் அமைப்பது எப்படி என்று சொல்ல எழுந்தால், உங்கள் வீட்டைத்தான் உதாரணம் காட்டுவேன். நாலு பேர் முன்னால் தப்பாகச் சொன்னதை நாலு பேர் முன்னால்தானே திருத்த வேண்டும்?

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

ராசாத்தி அப்போது ஒன்றாம் வகுப்பு. மலையடிவாரத்தில் நம் பள்ளி, இரண்டே அறை. ஒருநாள் மேசையில் ஏழு சாக்பீஸ்களை வைத்து எத்தனை என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு கை, மேல ரெண்டு டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. சிரிப்பை அடக்க வேண்டிய நானே, "எந்தக் கைடி? சோத்தாங்கையா, பீச்சாங்கையா?" என்று கேட்டேன். சிரிப்பு இன்னும் பெரிதானது. ராசாத்தி உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழாததால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாசி மாதம். கல்வராயன் மலையிலிருந்து புளி மூட்டை மூட்டையாக இறங்கும் நேரம். வியாபாரியிடம் மூட்டை வாங்கி வந்து, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுப்பது உங்களுக்கு வேலை. உங்கள் வீட்டுக்காரர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நீங்களும் ராசாத்தியும்தான். கூடைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவள்.

நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு புளியை உடைப்பதற்கு முன்னால், உள்ளே எத்தனை கொட்டை என்று ராசாத்தி சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நீங்கள் ஒரு கொட்டையை அவள் தலையில் வைப்பீர்கள். அது விழாமல் அவள் அடுத்ததைச் சொல்ல வேண்டும். எடுத்துப் போட்ட கொட்டை ஐந்து சேர்ந்தால் அது ஒரு கை. பெரும்பாலும் சரியாகவே சொன்னாள்.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில், குழந்தைகளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கும்போது ஐந்து ஐந்தாகக் கட்டச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்தே மதிப்பிடச் சொல்லுங்கள் என்றார்கள். நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அப்போதும் எனக்கு உங்கள் புளிக்கூடை ஞாபகத்துக்கு வரவில்லை, அக்கா. அதை எப்படிச் சொல்ல?

அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. புளிப்பில் வெடித்த சின்ன விரல்கள், தரையெல்லாம் ஓடு, வேலையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு குழந்தை, தப்பான கணக்கு.

"குழந்தைய வேலைல உக்கார வெச்சிருக்கியே அஞ்சலை, நல்லாவா இருக்குது?" என்றேன்.

"வேலை இல்லீங்க டீச்சரம்மா. சும்மா என்கூட பேசிக்கினு இருக்குது."

"அந்தப் பேச்சுதான் பள்ளிக்கூடத்துல வந்து வெளிய விழுது. ஒரு கை, ரெண்டு கைனு. பரீட்சைல இப்பிடி எழுதினா யாரு மார்க் போடுவா?"

நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே அறை. வாசலை ஒட்டி வெளிச்சம் விழுகிற மூலையில் சாமைப் பானையும் மண்வெட்டியும் இருந்தன. அவற்றை எடுக்கச் சொன்னேன். அங்கே ஒரு பாய், சுவரில் நான் எழுதிக் கொண்டுவரும் அட்டைகள், ஒரு பெட்டியில் பலகை, குச்சி, படம். சாயங்காலம் ஒரு மணி நேரம் ராசாத்தி அங்கேதான் உட்கார வேண்டும் என்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும் டீச்சரம்மா?" என்று கேட்டீர்கள்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நீ வாயத் தொறக்காம இருந்தாலே அது படிச்சிடும்."

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "கேட்டுக்கோ அஞ்சல, உன் வாய்க்குப் பூட்டு வந்துடுச்சி" என்றாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் ஒரு வேடிக்கை சொன்னதாகவே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் வந்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. அந்த மூலையைச் சாணம் போட்டு மெழுகியிருந்தீர்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு கோலம். அட்டைகளின் நான்கு முனையிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தீர்கள். ராசாத்தி தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து பார்த்தேன். பக்கத்து ஊர்த் தாய்மார்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். "பாருங்க, ஒரு சத்தம் வருதா?" என்று கேட்டேன். வரவில்லைதான்.

வகுப்பில் ராசாத்தி இப்போது "ஏழு" என்றாள். கையெழுத்து முத்து முத்தாக வந்தது. ஆனால் தானாக எதையும் கேட்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் மட்டும். அடக்கமான பிள்ளை என்று மற்ற டீச்சர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வாயாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை ஏன் திடீரென்று அடங்கிப் போனது என்று கேட்க வேண்டியது என் வேலை இல்லையா? நான் ஏன் கேட்கவில்லை?

உங்கள் காரியத்தன்று ராசாத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சோடு பேச்சாக அவள்தான் சொன்னாள்.

"அந்த ஒரு வருஷம் அம்மா புளிக்கூடைய தூக்கிக்கினு வூட்டுக்குப் பின்னால போய்டுவாங்க டீச்சர். நான் எதனா கேட்டா வாய் மேல வெரல வெச்சி, மூலைய காட்டுவாங்க. ஒரு தபா அழுதுட்டேன். 'என் பேச்சு உனக்கு ஒட்டிக்கும்டி, டீச்சரு திட்டுவாங்க'ன்னாங்க. அப்புறம் அதுகூட சொல்லல."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை, அக்கா. பெருமையாகச் சொன்னாள். "எந்த அம்மா டீச்சர் பொண்ணு படிப்புக்காக அப்பிடி இருப்பாங்க?" என்றாள்.

"ஒரு வருஷத்துக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் அதுவே பழகிப்போச்சு. சாப்ட்டியா, படிச்சியா, தூங்கு. அவ்ளோதான். ஆறாவதுல என்னை ஹாஸ்டல்ல விட்டாங்க."

என் கையிலிருந்த வடை அப்படியே இருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னீர்களே, சொறி, சிரங்கு மாதிரி. உங்கள் பேச்சைப் பற்றி அப்படி உங்களை நினைக்க வைத்தது நான்தான். ஊருக்குத் தெரிய நான் சொன்ன வேடிக்கையை நீங்கள் சட்டமாக எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வீர்கள்? சொன்னது டீச்சர் அல்லவா.

கிளம்பும்போது ராசாத்தி, "பாப்பாவுக்கு நாலு வயசு ஆவுது டீச்சர். அதுக்கும் ஒரு மூலை போட்டிருக்கேன். நீங்க ஒரு தடவ வந்து பாத்து சரி பண்ணிக் குடுங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தி யாழினி கீழே விழுந்ததில் முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. அதைக் காட்டிக்காட்டிச் சிரிக்கிறாள். ராசாத்தி தியாகதுருகத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ரவிக்கை தைக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்துகூட வருகிறார்கள்.

போன வாரம் அங்கே போனேன். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் குட்டி மேசை, நாற்காலி, சுவர் நிறையப் படங்கள், டப்பா டப்பாவாகக் கட்டைகள். எந்தக் குறையும் சொல்ல முடியாத மூலை. ராசாத்தி தைத்துக்கொண்டிருந்தாள். கீழே உருண்டு வந்த ஒரு பொத்தானை யாழினி எடுத்துப் பார்த்து, "அம்மா, இதுல ஏம்மா நாலு ஓட்ட இருக்குது? அதுல ரெண்டுதான் இருக்குது?" என்று கேட்டாள்.

ராசாத்தி தலையைத் திருப்பவில்லை. வாய் மேல் விரலை வைத்து, மூலையைக் காட்டினாள். குழந்தை பொத்தானை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தது.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உண்மையைச் சொன்னால், உங்கள் ஒரு வருட மௌனம் வீண் என்று உங்கள் மகளிடமே சொன்னது போல ஆகும். அவளுக்கு உங்களிடமிருந்து மிஞ்சியிருக்கிற பெரிய சொத்து அந்தப் பெருமைதான். சொல்லாவிட்டால் யாழினியும் அடங்கிப் போவாள். நீங்களாக இருந்தால் எதைச் செய்திருப்பீர்கள் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. உங்களை அந்த அளவுக்கு நான் தெரிந்துகொள்ளவே இல்லையே.

சொல்லிவிட்டேன். சாக்பீஸில் தொடங்கி, வேலியோரச் சிரிப்பு வரை.

மிஷின் நின்றது. "அப்போ எங்கம்மா தப்பு பண்ணிட்டாங்கன்றீங்களா?"

"இல்லம்மா. அவங்க பண்ணிக்கினு இருந்ததுதான் சரி. தப்பு நான் பண்ணேன்."

"நான் நல்லாதானே டீச்சர் படிச்சேன்?"

"படிச்ச. அதுக்கு முன்னாடி உங்கம்மா உன்கூடப் பேசினதுலதான் படிச்ச. மூலைனால இல்ல."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நீங்க பதினஞ்சி நாளைக்கு ஒரு தபா வந்தீங்களே டீச்சர். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பேசு அஞ்சலனு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

துணியை மிஷின் மேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "புளி ஒடைக்கும்போது அம்மா இன்னா பேசுவாங்க? எனக்கு மறந்துபோச்சு. சிரிச்சது ஞாபகம் இருக்குது. இன்னாத்துக்கு சிரிச்சேன்னு தெரியல. நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்களே."

அக்கா, உங்கள் அந்தப் பேச்சுக்கு இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான் சாட்சி. அதை நிறுத்தியவளே சாட்சி.

ஞாபகத்தைத் துழாவிச் சொன்னேன். "வளைஞ்ச புளி ஒண்ணைக் கைல வெச்சிக்கினு, இது மலைமேல ஓடையோரத்து மரத்துப் புளினு சொன்னாங்க. அந்த மரத்துல ஒரு கரடி ஏறிடுச்சாம். எறங்கத் தெரியாம கெளையக் கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்திருந்துச்சாம். புளி பொறுக்க வந்த பொம்பள ஒருத்தி நிமுந்து பாத்துட்டு, 'இன்னா மாமா, எறங்கலியா'னு கேட்டாளாம்."

ராசாத்தி என்னையே பார்த்தாள். "கரடி இன்னா சொல்லிச்சி?"

"தெரியாதும்மா. அங்கதான் நான் 'அஞ்சலை'னு கூப்பிட்டுக்கினு உள்ள வந்துட்டேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். காரியத்தன்று அழுததைவிட அதிகமாக. நான் தொடப் போனேன். அவள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். நகர்ந்தது நியாயம்தான்.

மூலையிலிருந்து குரல் வந்தது. "பசிக்குதுனு சொல்லிச்சி" என்றாள் யாழினி. "ஏணி எடுத்துக்கினு வானு சொல்லிச்சி."

ராசாத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அப்படியே, "ஏணி குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"குடுக்கல. நீ கடிச்சிடுவனு சொல்லிட்டா."

"அப்புறம் இன்னாடி ஆச்சி?"

குழந்தை நாற்காலியை விட்டு இறங்கி வந்து மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ராசாத்தி, "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். திரும்ப வரச் சொன்னாளா, போகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இல்லை, கேட்டாலும் தர நீங்கள் இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அடுத்த மாதம் ரிஷிவந்தியத்தில் தாய்மார்கள் கூட்டம் இருக்கிறது. அங்கே மூலையைப் பற்றித் தொடங்க மாட்டேன். வெங்காயம் உரிக்கிறீர்களா, பக்கத்தில் உட்கார வையுங்கள், பெரிசு எது சிறிசு எது என்று கேளுங்கள். துணி மடிக்கிறீர்களா, ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையா, கதை விடுங்கள் என்று சொல்வேன். அதை எனக்கு முன்னாலேயே செய்த ஒருவரின் பேரைச் சொல்வேன். அவர் பேச்சை நிறுத்தியவளின் பேரையும் சொல்வேன். எந்தத் தாயாவது எழுந்து, எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே என்றால், அவரை உட்கார வைத்து, உங்கள் பிள்ளையிடம் நேற்று என்ன பேசினீர்கள் என்று கேட்பேன். அவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பேன்.

ராசாத்திக்கு டீச்சர், உங்களுக்குத் தங்கை,
வசந்தா