உன் கணுக்கால் வைத்தியம்

அண்ணா,

இன்று கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் முறிவெண்ணெய் வாடை. வீட்டில் யாரோ சூடாக்கித் தேய்த்து நீவிவிட்டிருக்கிறார்கள். எனக்கு உன் மேல்தான் எரிச்சல் வந்தது. போய்ச் சேர்ந்தவர்களைத் திட்டக்கூடாதாம். யார் கேட்டார்கள்?

நான் ஷட்டில் ஆடும்போது கால் பிசகி விழுந்த அன்று, எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாய், என்னமோ நீதான் படித்துக் கிழித்த மாதிரி.

"எலும்பு ஒடியலையே, அப்பறம் என்னடி? வெறும் சுளுக்கு."

எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது என்று டாக்டர் சொன்னதை நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஐஸ் வை, கட்டுப் போடு, காலை உயர்த்தி வை, இப்போதைக்கு நீவாதே என்றார் அவர். நீ அன்று மாலையே எண்ணெயைச் சூடாக்கினாய். நான் போட்ட கூச்சல் கரமனைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். விடிந்தபோது கால் பூசணிக்காயாட்டம் இருந்தது. கெட்ட நீர் வெளியே வருகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாய். மகா மேதாவி!

பிசியோதெரபிஸ்ட் என்னை ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினாள். கொக்கு வைத்தியம் என்று சிரித்தாய். உன் வைத்தியமோ பழவங்காடிப் பிள்ளையாரிடம் இருந்தது. கால் சரியானால் தங்கச்சி கையாலேயே தேங்காய் உடைக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? வீக்கம் வடிந்தது, உனக்கு அது போதும். கட்டு இல்லாமல் நடக்காதே என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தும், சாமி முன்னால் கட்டு எதற்கு என்று நீயே அவிழ்த்துவிட்டாய். தேங்காயை ஓங்கி எறிந்தேன். உடம்பின் பாரமெல்லாம் அந்தக் காலில் இறங்க, கால் மடங்கியது. பாதி கிழிந்திருந்த நார் முழுசாகப் போயிற்று. நான் தரையில் கிடக்க, தேங்காய் நன்றாகச் சிதறியது என்றாய் நீ.

ஆபரேஷன் செய்தும் பழைய ஆட்டம் வரவில்லை. ஷட்டிலை விட்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும், எல்லா மேட்சுக்கும் வந்தவன் நீதானே. ஒரு தடவையாவது உன் தப்பு என்று ஒப்புக்கொண்டாயா? அதற்குப் பதில், படி வரும் இடமெல்லாம் எனக்கு ஒரு படி முன்னால் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தோளைத் தாழ்த்திக்கொண்டு நிற்பாய். நான் திட்டிக்கொண்டே பிடித்துக்கொள்வேன்.

இன்று வந்த பெண்ணை, இனிமேல் காலை நீவாதே என்று அதட்டி டாக்டரிடம் அனுப்பினேன். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை அண்ணா, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் படி இறங்கும்போதெல்லாம் இந்தக் கை தானாக முன்னால் நீண்டு உன் தோளைத் தேடுகிறது.