பெயர்ப் பட்டியலில் ஒரு மௌனம்

யாங்கூன்
18.11.2024

அன்புள்ள மகன் டேவிட்டுக்கு,

கர்த்தரின் கிருபையால் நானும் அம்மாவும் நலம். கோலாலம்பூரில் நீயும் நலமென்று பிறர் வாயிலாக அறிகிறேன். முதலில், என் மனத்தாங்கல்கள்:

1. 11.08.2024: சபைப் பள்ளிக் கட்டடத்துக்கான சம்மதப் படிவத்தை, அங்கே வந்த நம் சபையார் பிரேம்நாத் உன் கையில் சேர்ப்பித்தார். நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். வரவில்லை.

2. 22.09.2024: மறுபடியும் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். சபை விதிகளில் அது கையெழுத்தாகாது.

3. 30.10.2024: ஊரில் இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டாய். என்னிடம் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சபை நிதியைத் தொட வேண்டுமானால் அங்கத்தினர் பட்டியலில் உள்ள பெயர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும், வந்தவர்களில் அல்ல. தொண்ணூற்றாறு பெயர்களில் இருபத்தொன்று வெளிநாட்டில் இருக்கின்றன. பதில் எழுதாத ஒவ்வொரு பெயரும் எதிர்ப்பாகவே எண்ணப்படும். நீ சும்மா இருக்கவில்லை, எங்களுக்கு எதிராக வாக்களித்தாய்.

ஆயினும் நேற்று ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடந்த கூட்டத்தில் நாம் வென்றோம். வேண்டியது அறுபத்து நான்கு, கிடைத்தது அறுபத்தைந்து. ஆலயத்தின் பின்புறத் தகரக் கொட்டகை போய்ச் சுவருள்ள இரண்டு வகுப்பறைகள் வரும். இந்த மழைக்காலத்தில் பிள்ளைகள் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தமிழ் படித்தார்கள் என்பதை நீ அறிய மாட்டாய். இந்த வெற்றியில் என் மடமையும் கலந்திருப்பதை மறைக்க விரும்பவில்லை. வேண்டுகோளை நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதி அச்சிட்டு, லத்தா, தாகேதா பேட்டைகளில் வீடுவீடாகக் கொடுத்து வந்தேன். இளையவர்கள் வாங்கி, கும்பிட்டு, மடித்து வைத்தார்கள். அம்மாதான் ஒருநாள் சாப்பாடு போடும்போது, "நீங்க எழுதுனத வாசிக்கத் தெரிஞ்சா அவங்களுக்கு ஸ்கூலு எதுக்குங்க?" என்றாள். மறுநாள் தாகேதாவில் இருக்கும் நம் சபைப் பெண் மா ஷைலாவிடம் போய், அதே தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். அவள் நான்கு பக்கத்தை அரைப் பக்கமாக்கி, "இவ்ளோதானே அங்கிள் சொல்ல வந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அதை வாசித்துவிட்டு வழியில் நிறுத்திப் பேசியவர்கள் பலர்.

கூட்டத்தில் செயலாளர் ஊ கிறிஸ்டோபர் எழுந்து, "கட்டி வச்சு யாரு உக்காரப் போறா? புள்ளைங்க வளந்தா பிளேன் ஏறிருதுங்க. ஏசுரத்தினம் சார் மகனே ஒரு கடுதாசி போடல, பாத்துக்குங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். முப்பது ஆண்டுகள் மேடையில் பேசியவன் நான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எனக்குப் பதிலாக மா ஷைலா எழுந்தாள். "எம் புள்ள உக்காரும் ஊலே. போன மழையில தண்ணிக்குள்ள உக்காந்துச்சு, இனிமே சுவத்துக்குள்ள உக்காரட்டும். பிளேன் ஏறுறதப் பெறகு பாப்போம்" என்று, ஊலே என மாமா முறை வைத்தே சொன்னாள். இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. எண்ணி முடித்ததும் முதலில் கைகொடுத்தவரும் அவரே என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோருமாக மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா சாப்பிட்டோம். அம்மா முழங்கால் வலியை மறந்து இரண்டு மணிநேரம் நின்றபடியே பரிமாறினாள். பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். உன் அக்கா ரெபேக்கா மிங்கலாடோனிலிருந்து வந்து வாக்களித்துவிட்டுப் போனாள். அவளுக்காவது போன் செய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள்.

நினைவூட்டல்: ஜனவரியில் பட்டியல் திருத்தப்படுகிறது, அந்தப் பொறுப்பைச் சபை என்னிடம் கொடுத்திருக்கிறது. உன் பெயர் இருக்க வேண்டுமா, நீக்கப்பட வேண்டுமா என்பதை 15.12.2024க்குள் கைப்பட எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. இருக்கட்டும் என்றால், இனி கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நீ. நீக்கிவிடு என்றால், உன் பெயரின் மேல் அந்தக் கோட்டை என் கையாலேயே அடிப்பேன், வேறு எவரிடமும் விடமாட்டேன். எதுவானாலும், எழுத்தில் வேண்டும்.

உன் அப்பா,
ஏ. ஏசுரத்தினம்