சித்தி கொடுத்தால் சாப்பிடுவாள்

மார்ச் 4

பாசமுள்ள அக்காவுக்கு,

போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ அழுதாய், அத்தான் போனை வாங்கி வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

வாலு இப்போது நான் வேலை பார்க்கும் மனநல வார்டில்தான் இருக்கிறாள். கொஞ்ச நாளாகவே கல்லூரிக்குப் போகாமல் என் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்களாம், காதில் ஒரு குரல் திட்டிக்கொண்டே இருக்கிறதாம், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்களாம். உன் மகளுக்கு வந்திருப்பது கொழுப்பும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை. நோய். இந்த வயதில் இது வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக்குக் கேட்கும்.

சொந்தக்காரப் பிள்ளையை நான் கவனிக்கக் கூடாது என்பது இங்கே விதி. ஆனால் யார் தட்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான் கொடுத்தால் சாப்பிடுகிறாள். பெரிய டாக்டர் கண்டும் காணாமல் இருக்கிறார். வாழைப்பழத்தை அவள் எதிரிலேயே உரிக்கிறேன். முதல் வாய் எனக்கு. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தூக்கம் வரும், வாய் உலரும் என்று உள்ளதைச் சொல்கிறேன். நேற்று வரை தட்டிவிட்டாள். இன்று, "நீ பொய் சொன்னேன்னு தெரிஞ்சா உன்கூடப் பேசவே மாட்டேன் சித்தி" என்று சொல்லிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மனதைத் தளரவிடாதே.

உன் தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

உன்னை நம்பித்தானே படிக்க அனுப்பினேன்? தினமும் வீட்டுக்கு வந்து வார்டு கதையாகச் சொல்லியிருப்பாய், பயந்துவிட்டாள். பெற்றிருந்தால் உனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரிடமும் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது.

அவளிடம் கெஞ்சிக்கொண்டு நாளைக் கடத்தாதே. மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துச் சீக்கிரம் அனுப்பி வை. அத்தானும் அதையேதான் சொல்கிறார்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

கலக்க மாட்டேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய நோயே. நாமும் கலந்தால் அந்தப் பயத்தை நிஜமாக்கினவர்கள் ஆவோம்.

நல்ல செய்தி கேள். நேற்றுச் சிரித்தாள். "அந்தக் குரல் இப்பவும் மெதுவாக் கேக்குது சித்தி. நீ சமைச்சதைத் திட்டுது. அந்த விஷயத்துல மட்டும் அதுக்கு அறிவு இருக்கு" என்றாள். வார்டே சிரித்தது. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தான் வந்து அழைத்துப் போகலாம். மாத்திரையை அவள் கையிலேயே கொடு. மாட்டேன் என்றால் சண்டை போடாதே, எனக்குச் சொல், வருகிறேன்.

உன் தங்கை


மே 20

தங்கைக்கு,

உடனே புறப்பட்டு வா.

வந்த புதிதில் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டாள். பிறகு, உடம்பு குண்டாகிறது, வேண்டாம் என்றாள். உன் அத்தான் பொறுமை இழந்துவிட்டார். பாலில் கலந்தோம். டம்ளரின் அடியில் பொடி தங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. சித்திதான் கலந்து கொடுக்கச் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீ தூரத்தில் இருக்கிறாய். அவள் எங்களோடுதானே இருக்க வேண்டும்? நேற்றிலிருந்து கதவைத் திறக்கவில்லை, குழாய்த் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

அக்கா


ஜூன் 3

அக்கா,

அன்று அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் நீ என் கையைப் பிடித்தாய். உதறிவிட்டு வந்துவிட்டேன். அதற்காக வருந்தவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் சொன்னது உனக்கும் கேட்டது. "எல்லாரும் கலப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீ கலக்க மாட்டேன்னு நெனச்சேன் சித்தி." நான் உன்னைப் பார்த்தேன். நீ காலால் தரை விரிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாய்.

உன் அம்மாதான் பொய் சொன்னாள் என்று அவளிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவளுக்கு யார் இருப்பார்கள்? விழுங்கிக்கொண்டேன். கடைசியில் கதவை உடைத்து, நான்கு பேர் பிடிக்க, ஊசி போட்டார்கள். நான் கற்றுக்கொண்ட வேலையெல்லாம் அப்படி நடக்காமல் இருப்பதற்காகத்தான்.

அவள் தேறியதும் நீயே உண்மையைச் சொல். வேறெதுவும் கேட்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். வாலு நன்றாக இருக்கிறாள். இங்கேயே கல்லூரியில் சேர்த்துவிட்டோம். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நான் பிசைந்து கொடுத்தால் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிடுகிறாள்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. பலமுறை வாயெடுத்தேன். இப்போதுதான் என் மடியில் தலை வைத்துப் படுக்கிறாள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அவள் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நீ வந்தால் மறுபடி ஏதாவது கிளம்பிவிடுமோ என்று அத்தான் பயப்படுகிறார். கொஞ்ச காலம் வராமல் இரு. உனக்குப் பெரிய மனது, புரிந்துகொள்வாய்.

ஒரு சந்தேகம். இவ்வளவு தேறிவிட்டாளே, மாத்திரையைப் பாதியாக்கலாமா? உனக்குத் தெரியாததா?

உன் அக்கா


செப்டம்பர் 22

அம்மையீர்,

தங்கள் மகளின் மாத்திரை குறித்துக் கேட்டிருந்தீர்கள்.

அளவைக் குறைப்பதை அங்கே அவளைப் பார்த்துவரும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். தேறியிருப்பது மருந்தால்தான். தூக்கம் கெட்டாலோ, தனியே பேசினாலோ, சாப்பிடத் தயங்கினாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

இனி இதுபோன்ற சந்தேகங்களை அந்த மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செவிலியர்,
மனநலப் பிரிவு