இரைச்சல் இல்லாத ஆம்ப்

ஜூலை 2, புதன்

காலையிலேயே வெக்கை. மழை வருவது போல் போக்குக் காட்டிவிட்டு எளாவூர்ப் பக்கம் போய்விட்டது. ஏ ஷிஃப்ட். வந்த பிளேட்டில் எல்லாம் ஓரப் பிசிறு. சிவப்பு டிரே நிரம்பி வழிந்தது. சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிப் போச்சு. அதற்கு நான் என்ன செய்ய. குவாலிட்டிக்காரன் வேலையே கழிப்பதுதான்.

மதியம் லீவு சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரி. மச்சான், எஸ்தர், நான். ரிப்போர்ட் வந்துவிட்டது. அதுதான். மச்சான் குரல்வளையை மொத்தமாக எடுக்க வேண்டுமாம். மாதக் கடைசியில் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

"பாட்டு?" என்று கேட்டது மச்சான் இல்லை, நான். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திரும்பும் ரயில் பொன்னேரியைத் தாண்டியது. அப்புறம் மச்சான்: "என் பாட்டு ஒண்ணு கீதுல்ல மாப்ள. அத்த மட்டும் புடிச்சு வச்சிரு. உன் கிதாரோட."

எபிநேசர். பத்தாவது வரை என் பெஞ்சு. தங்கை எஸ்தரை நான் கட்டிக்கொண்டதால் மச்சான். எங்கள் வீட்டுப் பக்கத்து இரும்பு உருக்கும் கம்பெனியில் ஃபர்னஸ் வேலை, கரண்ட்டு உலை. நைட் ஷிஃப்டில் முணுமுணுத்து முணுமுணுத்துக் கட்டிய பாட்டு அது. 'தூங்காத ஊருக்குத் துணையா முழிச்சிருந்தேன்' என்று ஆரம்பிக்கும். கர்த்தர் பேர் வராததால் சபையில் பாடியதில்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான். எங்கேயும் பதிவு இல்லை.

ஜூலை 4, வெள்ளி

என்னிடம் இருக்கும் ஆம்ப், கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வெறும் தகர டப்பா. அதில் அந்தப் பாட்டை வாசித்தால் மச்சானுக்கு அவமானம். வால்வு ஆம்ப் வேண்டும். பழைய ரேடியோ மாதிரி வால்வு சூடாகி வாசிப்பது. ஒரே ஒரு தடவைதான் எடுக்கப் போகிறோம், நல்லதாக இருக்கட்டும்.

கேட்டு வைத்தது:
– பொன்னேரி ஜான்சனிடம் பதினைந்து வாட். இரவல் தருவான்.
– சென்னைக் கடையில் ஒரு வாட். பார்த்துவிட்டுத் திருப்பலாம்.
– திருவள்ளூர் கோயில் தெரு ஸ்ரீநிவாசனிடம் ஐந்து வாட். காலையில் பெருமாள் கைங்கரியம், மாலையில் ரேடியோ ரிப்பேர். கையால் செய்ததாம்.

பி.கு. கடுகு, பினாயில், எஸ்தர் செருப்பு தைக்க.

ஜூலை 6, ஞாயிறு

ஜான்சனுடையது. தூக்கி வந்ததில் இடுப்பு போச்சு. வால்வு நன்றாகக் கொதித்து, சத்தம் கொஞ்சம் ஏறினால்தான் இந்த ஆம்புக்கு உயிர். ஏற்றினால் பக்கத்து ஊட்டு சுவர் அதிர்கிறது. அந்தம்மா வந்து, "இன்னா சார், குழந்த தூங்குது" என்றது. இறக்கினால் பிணம்.

லாப்டாப்பில் ஒன்று மட்டும் பதிவு எடுத்தோம். மச்சான் முழுசாகப் பாடினான். குரல் கரகரத்துதான் வருகிறது, ஆனால் பாட்டு கீழ் ஸ்தாயி, அதற்குப் பொருந்துகிறது. பின்னால் ங்ங்ங் என்று இரைச்சல். அழித்தேன்.

"ஏன் மாப்ள?"

"சரியில்ல மச்சான்."

"சரி, நீதான் செக்கிங்கு" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஜூலை 9, புதன்

கடையில் எடுத்து வந்த ஒரு வாட். டிபன் பாக்ஸ் அளவு. சின்ன ஸ்பீக்கர், கொசு பாடுகிறது. இதிலும் அதே இரைச்சல். மூன்று முறை எடுத்தோம், மூன்றையும் அழித்தேன். இரண்டாவதில் மச்சான் நடுவில் நிறுத்தி எஸ்தரிடம் காப்பி கேட்டான். லாப்டாப்பில் இடமே இல்லை, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிவிட்டேன்.

இன்று கொஞ்சம் குரல் கம்மல். எஸ்தர் சமையல்கட்டில் அழுதாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், கேட்காது என்று நினைப்பு.

தினம் ஃபாக்டரியிலிருந்து வரும்போது ஆம்பைப் பற்றியே யோசிக்கிறேன். மற்றதை யோசிக்க வேண்டாம் அல்லவா. அந்த வசதிக்குத்தான் இத்தனை அலைச்சலோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஜூலை 12, சனி

திருவள்ளூர் போய் ஐந்து வாட் கொண்டுவந்தேன். ஸ்ரீநிவாசன் நெற்றியில் நாமம், கையில் சால்டரிங். "ஒரு நிமிஷம் சூடாகட்டும், அப்புறம் வாசியுங்கோ. அவசரப்பட்டா அது பேசாது" என்றார்.

இதுதான். இதுதான் ஆம்ப். மெல்ல வாசித்தால் மெல்ல, அழுத்தினால் லேசாகக் கரகரப்பு, மச்சான் குரல் மாதிரியே. சத்தமும் பக்கத்து ஊட்டுக்குப் போகவில்லை. 

ஆனால் இரைச்சல். வயர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், ஃபேன், பிரிட்ஜ், டியூப்லைட் எல்லாம் அணைத்தேன். வியர்வையில் ஊறினோம். போகவில்லை.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இது உன் பொட்டி இல்ல மாப்ள. எங்க ஃபர்னஸு. கரண்ட்டு வழியா வருது. இப்ப ஸ்க்ராப் இரும்பு கொட்டுவானுங்க பாரு, எறங்கும்."

இறங்கியது!

இத்தனை நாள் அவன் கம்பெனியையே ரெக்கார்ட் பண்ணியிருக்கிறேன்.

"நல்ல ஸ்ருதியாத்தான் கீது. இதுக்கே பாடறேன், நீ வாசி" என்றான். பாடினான். இரைச்சலோடு சேர்ந்து உட்கார்ந்து பாடினான். இதுவரை இப்படிப் பாடிக் கேட்டதில்லை. எஸ்தர் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

முடிந்ததும் அவனைச் சும்மா உட்கார வைத்து வெறும் இரைச்சலைக் கொஞ்சம் தனியாக எடுத்தேன். அதை வைத்து சாஃப்ட்வேர் பாட்டிலிருந்து இரைச்சலைக் கழிக்கும். கழித்தேன். குரலையும் சேர்த்துக் கழித்துவிட்டது, கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. அசல் மேலேயே சேவ் பண்ணியிருந்தேன். அழித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆரம்பாக்கம் சபை. மச்சானுக்காக ஜெபம். அவன் முன்வரிசையில் குனிந்தே இருந்தான். பாடவில்லை.

வெளியே வந்து சொன்னான்: "அடுத்த ஞாயித்துக்கெழம உலைக்கு உள்பூச்சு லைனிங் மாத்தறாங்க. ஃபர்னஸு ஆஃபு. அன்னிக்கு எட்த்துக்கலாம். பேஜாரே இல்ல."

ஒரு வாரம்தான். டாக்டர் மாதக் கடைசி என்றாரே. சரி என்றேன். எஸ்தருக்குப் பிடிக்கவில்லை. "நேத்து பாடுனதே நல்லாத்தானய்யா இருந்துச்சு?"  அழித்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

பி ஷிஃப்ட். ஒரு வாட்டைக் கடையில் திருப்பிவிட்டேன், பதினைந்தை ஜான்சனிடம். ஐந்து மட்டும் வீட்டில். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

மச்சான் போனில் பேசினான். கஞ்சிதான் இறங்குகிறதாம். "கொரல பத்திரமா வச்சிக்கினு கீறேன் மாப்ள, ஞாயித்துக்கெழமைக்கு." யாரிடமும் பேசாமல் இருக்கிறானாம்.

ஜூலை 18, வெள்ளி

விடியற்காலையில் மச்சானுக்கு மூச்சு முட்டி, ஆட்டோவில் ஜி.ஹெச்., அங்கிருந்து ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரி. கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு. ஆபரேஷனை இனித் தள்ளக் கூடாதாம். இன்றைக்கே.

உள்ளே போகும்போது என் கையைப் பிடித்தான். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். எஸ்தர் அங்கேயே இருக்கிறாள்.

நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஆம்பைப் போட்டேன், எதற்கென்று தெரியவில்லை. வால்வு சிவந்தது. ஒரு நிமிஷம் காத்திருந்தேன். இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை. லைனிங் மாற்றுகிறார்கள்.

கிதாரைத் தொடவில்லை. அணைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

ஜூலை 26, சனி

இன்று மச்சானை உட்கார வைத்தார்கள். கழுத்தைப் பார்க்க முடியவில்லை, பார்த்தேன். என்னைக் கண்டதும் காதைத் தொட்டான். இடது கையைக் கிதார் பிடிப்பது போல் பிடித்தான். புருவத்தைத் தூக்கினான்.

பாட்டு வந்ததா என்கிறான். ஞாயிறு வராமலே போனதை மறந்துவிட்டானா, முன்பு பாடியதைக் கேட்கிறானா, தெரியவில்லை.

"வந்துகீது மச்சான். சூப்பரா வந்துகீது."

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். எஸ்தர் பக்கத்தில் நின்றாள். அவளும் சிரித்தாள். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. நான் செத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

லேசான தூறல். எஸ்தர் குளித்துவிட்டு வந்து லாப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். "போடுய்யா. அண்ணன் ஊட்டுக்கு வந்தா மொதல்ல அத்தத்தான் கேக்கும். நான் கேட்டுக்கிறேன்."

நான் அசையவில்லை. அவளே திறந்தாள். உள்ளே ஒரே ஒன்று. 'இரைச்சல்' என்று பேர் வைத்திருந்தேன்.

"பாட்டு எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

தலையாட்டினேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். அந்த ஒன்றைப் போட்டாள்.

பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சென்றது. அப்புறம் என் குரல்: "மச்சான், கொஞ்ச நேரம் வாயத் தொறக்காத. பேசாம இரு." பிறகு ஃபர்னஸ். ங்ங்ங்.

எஸ்தர் ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்தாள். "மூச்சு கேக்குது" என்றாள். "எங்கண்ணன் மூச்சு."

ஆமாம். மூக்கால் இழுத்து மூக்கால் விடுகிறான். இப்போது அதுவும் கழுத்துத் துளையால்தான்.

முடிந்தது. மறுபடி போட்டாள். மச்சான், கொஞ்ச நேரம் வாயத் தொறக்காத.