ரான் சாகும் வியாழக்கிழமை

மான்செஸ்டர்,
செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு எம்ரிஸ் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அதை இந்தக் கடிதத்தில் இரண்டு முறை சொல்லப்போகிறேன்.

பதினோரு வருடமாகத் தொலைக்காட்சித் தொடரில் நான் நடிக்கும் கறிக்கடை ரானுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமானது. ஒப்பனை போடும் மொரீன் சிரித்தாள்.

“கல்யாணமா? அப்போ பொட்டியைக் கட்டுப்பா. இந்தத் தொடர்ல சந்தோஷமா இருக்கிறவன் எவன் ஒரு மாசம் தாங்கியிருக்கான்?”

எப்படிச் சாவேன் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது. கதை வசனத்தின் கடைசிப் பக்கங்களை மட்டும் தர மாட்டார்கள். “வேன் மோதியா, எரிவாயு வெடித்தா?” என்று எல்லோரையும் நச்சரித்தேன். நேற்றுதான் தெரிந்தது, ஏணி. படப்பிடிப்பில் மூன்று முறை விழுந்தேன். கீழே மெத்தை இருந்தது. முடிந்ததும் ரானின் ஏப்ரனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு நெரிஸிடம் மூச்சு விடாதே. வெளியே சொல்ல மாட்டேனென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை அனுப்பு. உன் பழ ரொட்டியும் வேண்டும். தின்பது நான் ஒருவன்தான், ஆனாலும் முழுசாகவே அனுப்பு.

அடுத்த மாதம் முதல் வியாழன், இரவு ஏழரை மணிக்கு அது ஒளிபரப்பாகும்; தொலைபேசியைக் கையில் வைத்திரு. ரான் விழும்போது நான் உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன்.

டிராம் வந்துவிட்டது. நான் நலம், அம்மா.

எம்ரிஸ்