ஷ்ரவ்யாவின் மருந்துக்குக் காத்திருக்கும் அம்மா

அன்புள்ள ஷ்ரவ்யா கண்ணுவுக்கு, ஆர்.எஸ்.புரத்திலிருந்து வெங்கடபதி மாமன் எழுதுவது. நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம் இல்லை, நீயாவது ஜெர்மனிக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். உன் தாத்தா வயிறு வீங்கிப் போனபோதே, இது வம்சத்தில் வருகிற கிட்னி வியாதி, அடுத்து அக்காவைப் பிடிக்கும் என்று டாக்டர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தேன், எட்டாவதோடு நின்ற நான். இப்போது இரண்டு கிட்னியும் நீர்க்கட்டியாகிப் பொள்ளாச்சித் தேங்காய் அளவு. டாக்டர், இனித் தள்ளிப்போடாதீங்க, உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்கோணும், இல்லீன்னா உசுருக்கு ஆகாதுங்க என்று சொல்லி மூன்று வாரம். உன் அம்மா அசையவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, ரசஞ்சோறும் வாந்தி. பக்கத்து வீட்டுச் சபுரா வந்து, ஏனுங்க அம்மணி, ஊசிக்குப் பயமுங்களா, நான் கூட வாரேன் என்றதற்கு, எம்புள்ள மருந்து அனுப்புறா, நான் எதுக்குங்க மெஷின்ல படுக்கோணும் என்று சிரிக்கிறாள்.

அங்கே நீ செய்கிற கிட்னி ஆராய்ச்சியை ஆசுபத்திரி முழுக்க நான்தான் பரப்பினேன். செல்லுக்குள் இரண்டு புரோட்டீன், ஜோடி சேர்ந்தால்தான் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பிச் செல்லின் வெளி ஓரத்துக்குப் போகும், ஒன்று கோணலானால் உள்ளேயே முடங்கிவிடும், அப்புறம் கட்டிதான், சோமனூர்த் தறியில் குறுக்கே ஊடை நூல் ஓடாமல் வெறும் பாவு நூல் துணியாகுமா என்று கேட்டேன். பெரிய டாக்டரே குறித்துக்கொண்டார். வேறு யாருக்காவது மாத்திரை எழுதியிருக்கலாம், அது கிடக்கட்டும்.

போனில் மூன்று தடவை உன் நம்பரைப் போட்டு, மணி அடிக்குமுன்னே வைத்துவிட்டேன். அதனால் இதை எழுதி, பஷீரின் கம்ப்யூட்டர் கடையில் மெயிலில் அனுப்பச் சொல்கிறேன். படித்ததும் அம்மாவைக் கூப்பிடு. டயாலிசிஸும் குணமாக்காது, நாளைத் தள்ளும், அவ்வளவுதான். அதையாவது செய்துகொள்ளட்டும். மறக்காமல் நீயும் ஸ்கேன் எடுத்துப் பார். மகராசியாய் இரு.

டப்பாவில் வளர்க்கிற செல்லில்தான் பார்க்கிறோம், எலிக்கே இன்னும் வரலை மாமா என்றுதான் அன்று போனில் நீ என்னிடம் சொன்னாய். பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, புள்ள என்னடா சொன்னா என்று என் முகத்தையே பார்த்தாள். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கிறவள், இதை மட்டும் முழுசாக நம்பிவிட்டாள். அந்த இரண்டு புரோட்டீனையும் நீ ஜோடி சேர்த்துவிட்டாய், தைக்குள் மருந்து வருகிறது என்று நீ சொன்னதாக நான்தான் கதை கட்டிச் சொன்னேன், கண்ணு.

இப்படிக்கு,
உன் மாமன் வெங்கடபதி